முன்பயிற்சி வருசம்

போராளி இயக்கத்தின் அதிகாரிகள் கல்லூரியில் சேர, முதலில் ஒரு வருட முன்பயிற்சி முடிக்கவேண்டும். அதன் கடைசிச் சோதனைக்கு முன்னர் லீவில் குருநகருக்கு வந்திருந்தான் மரியநேசன்.

"அப்பா, சோதினை பாஸ் பண்ணினால்..."

நீக்கிலாப்பிள்ளை முடிக்க விடவில்லை. மூலையில் சாத்தியிருந்த வள்ளத் துடுப்பை ஓங்கி மகனின் வலது கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் பின்னால் சமையல் குசினி வரை கேட்டது. அலறி விழுந்தவனின் அதே கையில் இன்னொன்று போட்டார்.

"இனி எப்பிடிச் சுடுறாய் எண்டு பாப்பம். உன்னைச் சாக விடமாட்டன்."

அடுத்த கிழமை முகாம் பொறுப்பாளர் வந்து, கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"சோதினை தவறிப்போச்சுது ஐயா. பாஸ் பண்ணினவை ரெண்டு வருசம் கல்லூரிக்குள்ளை இருந்து படிப்பினம்."

"இவன்?"

"கை சுகமானதும் நேரை சண்டைக்கு."

"இதைத்தானப்பா அண்டைக்குச் சொல்ல வந்தனான்," என்றான் மகன்.

பொறுப்பாளர் போனதும் நீக்கிலாப்பிள்ளை மறுபடி துடுப்பை எடுத்தார்.

மகன் காலை நீட்டினான்.