எடுத்துக் கொடுப்பவள்

மாடிக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். சாரத்தில் படிக்கு ஒரு பெண்ணாக நிற்க, பாட்டின் தாளத்துக்குக் கலவைச் சட்டி கைமாறி மேலே போகிறது. பாட்டு தடுமாறினால் சட்டியும் தடுமாறும். இத்தனை வருடமும் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் மேஸ்திரியின் மனைவி. இன்று அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதால், அவளுக்கு அடுத்த மேல்படியில் நிற்கும் ஓர்ப்படி, கொழுந்தனைக் கட்டி வந்த புதுசு, அவளுடைய பாட்டையே பாடுகிறாள். கழுத்து வியர்வையில் ஒட்டிய சிமெண்டுத் தூள் வெயிலில் மினுங்குகிறது. உச்சியில் மட்டப்பலகை இழுக்கும் மேஸ்திரியும் பின்பாட்டில் சேர்ந்துகொள்கிறார். மனைவி பாடும்போது அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. "அக்கா, இனிமே உனக்கு ரெஸ்ட்தான்!" என்று கீழேயிருந்து ஒருத்தி சிரிக்கிறாள். பெரியவள் ஒரு சட்டியை வேண்டுமென்றே தாமதிக்கிறாள். சின்னவள் சொல்லை நீட்டிக் காத்திருந்து, சட்டி கைக்கு வந்ததும் முடிக்கிறாள். "அப்படிப் போடு!" என்கிறார் மேஸ்திரி. அடுத்த சட்டிகளைப் பெரியவள் மடமடவென்று ஏற்றுகிறாள். சின்னவளுக்கு இரைக்கிறது. பின்பாட்டு ஓடும்போது குனிந்து கேட்கிறாள்: "அக்கா, அந்த நீள அடியில நீங்க எங்க மூச்சு எடுப்பீங்க?" சட்டி வாங்கக் கீழே திரும்புகிற சாக்கில், யாருக்கும் தெரியாமல், பெரியவள் பாதி அடியில் மூச்சு எடுப்பாள். "நானா?" என்கிறாள் கரகரத்த குரலில். "நான் எடுக்கிறதே இல்லடி." சின்னவள் நம்பித் தலையாட்டுகிறாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த நீள அடியை ஆரம்பிக்கிறாள்.