வண்டி ஆறட்டும்

வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே அப்துல் வஹீத் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

சுட்டது.

கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. மயிலாப்பூரில் இன்னும் பாதி வீடுகளில் வாசல் தெளித்து முடிக்கவில்லை. வண்டியோ எங்கேயோ சுற்றிவிட்டு வந்து நிற்கிறது.

நேற்றுச் சாயங்காலம் இந்த வண்டியை வாங்குவதற்காகப் பார்க்க வந்தபோது அவன் வக்கீல் கஸ்தூரிரங்கனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் தான் வந்து கை வைத்துப் பார்க்கும்வரை இன்ஜினைக் கிளப்பக் கூடாது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின் பொய் சொல்லாது. முன்கூட்டியே சூடேற்றி வைத்தால் எந்த ஓட்டை வண்டியும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டு சமர்த்தாக உறுமும். வக்கீலும் அதற்கென்ன என்று தலையாட்டியிருந்தார்.

மைத்துனன் இனாயத் அப்படித்தான் மோசம் போனான். ஜட்காவையும் குதிரையையும் விற்றுவிட்டு, சூடாக நின்ற ஒரு மோட்டாரை வாங்கினான். மறுநாள் காலையில் அது கிளம்பவில்லை. அதற்கப்புறமும் கிளம்பவில்லை. இப்போது இனாயத் வேறு எவனுடைய ஜட்காவையோ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்துல் வஹீத் அடையாற்றில் ஒரு துரையிடம் டிரைவராக இருந்தவன். சொந்த டாக்ஸி ஓட்டப் போகிறேன் என்று சொல்லி வேலையை விட்டாயிற்று. அந்த இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. இந்த வண்டி காலை வாரினால் திரும்பிப் போக இடமில்லை.

வண்டி ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டான்.

வக்கீல் காதில் விழாதவர் போல மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, வெயிலில் சூடாகியிருக்கும் என்றார்.

அப்துல் வஹீத் அண்ணாந்து ஷெட்டின் ஓட்டுக் கூரையைப் பார்த்தான்.

வக்கீலும் பார்த்தார். எப்படியானாலும் வண்டி ராத்திரியிலிருந்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை என்று சொன்னார். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி இப்படி உளறியிருந்தால் இவரே அவனை உரித்து எடுத்திருப்பார்.

ஏறும் பலகையில் ஈர மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் சுட்டிக்காட்டவில்லை.

கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. இந்த மனிதரை அவன் நம்பியிருந்தான். கட்சிக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது, இனிமேல் டிராம் போதும் என்று விற்கும் காரணத்தை ஒளிக்காமல் சொன்னவர். வண்டியை ஆள் வைக்காமல் தன் கையாலேயே கழுவித் துடைக்கிறவர். நேற்று சீட்டுத் தோலைத் தடவித் தடவிக் காட்டி என்ன பெருமைப்பட்டார்! இத்தனை வருஷத்தில் பெண்பிள்ளை என்று ஒருத்தி இதில் ஏறியதில்லையாம். தலை எண்ணெய் பட்ட கறை கிடையாது, பூ நசுங்கிய கறை கிடையாது. சொந்தச் சம்சாரத்தைக்கூட ஏற்றியதில்லை என்று சொன்னார். சீட்டுக்கு நல்லதுதான் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

வண்டியில் என்ன குறையோ தனக்குத் தெரியாது, ஆனால் சொன்ன வார்த்தை நிற்கவில்லையே என்றான். வேண்டாம் என்று முடித்துவிட்டுச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்தான்.

வக்கீல் மறுபடியும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான்.

சைக்கிள் கேட்டைத் தாண்டுவதற்குள், ஒருக்களித்திருந்த உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. வக்கீலின் மனைவி. அந்நிய ஆணிடம் நேராகப் பேசாமல் கணவரிடம் பேசினாள். ஆனால் தெருவரை கேட்கும்படி பேசினாள்.

"அவர்ட்ட சொல்லிடுங்கோ, ஹாரனோட ரப்பர் பந்து ஓரத்துல கிழிஞ்சுடுத்து. விடிகார்த்தால பீச் நெடுக நான்தான் விடாம அமுக்கிண்டே வந்தேன். சொல்லாம விக்கப்படாது."

வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

அப்துல் வஹீத் திரும்பி ஹாரனைப் பார்த்தான். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கை எட்ட வேண்டுமானால் பின்சீட்டில் உட்கார்ந்தால் ஆகாது. முன்னால், ஓட்டுகிறவரை ஒட்டி உட்கார வேண்டும். வண்டி கைமாறும் முன் ஒரு தடவை அப்படிப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு கடற்கரையைச் சுற்றினார் என்று ஊருக்குத் தெரிவதைவிட, ஏமாற்றுக்காரன் என்று பேர் வாங்குவது வக்கீலுக்குத் தேவலையாக இருந்திருக்கிறது.

சைக்கிளை மறுபடியும் சுவரில் சாய்த்தான்.

"வண்டி ஆறட்டும் சாமி. நா இங்கியே குந்திக்கினு கீறேன்."

இரக்கம் வேறு, இன்ஜின் வேறு. இனாயத்தை அவன் மறக்கவில்லை.

வெயில் நிஜமாகவே ஷெட்டுக்குள் வந்து விழுந்தபோது பானெட் ஜில்லென்று இருந்தது. வண்டியின் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. காதைக் கொடுத்துக் கேட்டான். ஒரு தட்டல் இல்லை, ஒரு திணறல் இல்லை.

விலையைப் பேசி முடித்துக்கொண்டு வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தான். வக்கீல் கூடவே வாசல்வரை நடந்து வந்தார். உள்கதவு இன்னும் ஒருக்களித்தே இருந்தது.

தெருவில் ஈ காக்காய் இல்லை. வழிவிடச் சொல்ல ஒரு மாடுகூட இல்லை.

அப்துல் வஹீத் ஹாரனை எட்டி ஒரு தடவை அமுக்கினான்.