தார்ப்பாய் வரிசை

எந்த வரிசையில் நிற்பது என்று எனக்கு விளங்கவில்லை.

மண்டபத்தூர் சமுதாயக்கூடத்து வாசலில் இரண்டு வரிசை. இடது பக்கம் ஆம்பளைகள். வலது பக்கம் தாலி அறுத்தவர்கள். நடுவில், கைக்குழந்தை அல்லியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான்.

நிஷா புயல் எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மழை இன்னும் விட்டபாடில்லை. பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. ஒரே ஒரு தார்ப்பாய் கிடைத்தால் போதும், அவளை நனையாமல் படுக்கவைத்துவிடுவேன். அரிசி பருப்பெல்லாம் அப்புறம்.

முதலில் இடது பக்கம்தான் போனேன். எங்கள் ஊரில் எது வந்தாலும் தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆம்பளை ஒருத்தன் என்றால் ஒரு தலைக்கட்டு, ஒரு பங்கு. சுனாமி நிவாரணம் வந்தபோது ஒரே ஆளின் பங்குக்கு இரண்டு பெண்டாட்டிகள் வந்து குடுமிபிடிச் சண்டை போட்டார்கள். அதிலிருந்து ஆம்பளையே நேரில் வந்து கை நீட்டவேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடு. எவளோ இரண்டு பேர் அடித்துக்கொண்டதற்கு நான் அனுபவிக்கிறேன்.

பஞ்சாயத்தார் மருதையன் மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கவியரசன் வரட்டும் தாயி. வந்தா குடுக்காமலா இருக்கப்போறேன்?”

கவியரசன் என் புருஷன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதற்கு முன்பே கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. அவர் வந்திருந்தால் நான் எதற்கு இங்கே வந்து தொங்குகிறேன்? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“அவன் இல்லன்னா…” என்று இழுத்தவர், வலது பக்கம் கையைக் காட்டினார்.

அது காரைக்கால் டவுனிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்து வரிசை. போன தடவை விதவைகளுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை அவர்களுக்கென்று தனியாகக் கொண்டுவந்து, தனியாகக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போய் நின்றால் நான் யார்?

நின்றால், அவர் செத்துவிட்டார் என்று நானே ஊரைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். நிற்காவிட்டால் பிள்ளை நனையும். கழுத்தில் தாலி கிடக்கிறது. அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுப் போகலாமா? சீ, இதென்ன புத்தி! நாளைக்கே அவர் வந்து நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன்? சரி, வரவில்லை என்றால்?

மாமியாரிடம் யோசனை கேட்கவும் பயம். மாமனார் போய் வெகுகாலமாயிற்று. தலையில் மீன்கூடை சுமந்து ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவள் அமிர்தம் அத்தை. ஆறுதல் சொல்ல வந்த பெண்களை, “எவன் செத்தான்னு இங்க ஒப்பாரி வைக்க வந்தீங்க?” என்று விளக்குமாற்றை எடுத்து விரட்டியவள். அவளிடம் போய் இதை எப்படிக் கேட்பது?

அல்லி முனகினாள். நெற்றியைத் தொட்டேன். சுட்டது. ஆனது ஆகட்டும் என்று வலது பக்கம் நடந்தேன்.

யாரோ கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார்கள். அத்தைதான்.

“ஏ தேவிகா, அங்க உனக்கு என்னடி வேலை?”

“புள்ளைக்குத் தார்ப்பாய் வேணும் அத்தை. நீங்களே சொல்லுங்க, நான் எங்க போயி நிக்கட்டும்?”

அவள் என்னை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, வலது வரிசையில் தானே போய் நின்றாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அவள் விதவைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மகன் இருக்கிற விதவைகளை, மகன் வீட்டுக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தொண்டு நிறுவனத்துப் பெண் சஃபியா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். சொர்ணாம்பாள் சின்னம்மா, “மூணு பேரப் பெத்தும் கஞ்சி நாந்தான் காச்சிக் குடிக்கிறேன், அத யாருகிட்ட சொல்ல?” என்று புலம்பிக்கொண்டே போனதை நானே பார்த்தேன்.

அப்படியென்றால் அத்தை என்ன சொல்லப்போகிறாள்? மகன் போய்விட்டான் என்றா? அதை இந்தக் காதால் நான் கேட்கவேண்டுமா? ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. இடுப்பில் பிள்ளை.

அத்தையின் முறை வந்தது. சஃபியா மரியாதையாகத்தான் கேட்டாள்.

“உங்களுக்கு மகன் இருக்காங்களாம்மா?”

ஊரே திரும்பிப் பார்த்தது. மருதையன் மாமா கையிலிருந்த தார்ப்பாயைக் கீழே வைத்துவிட்டார்.

“இல்ல.”

சஃபியா தயங்கினாள். “இருந்து… தவறிட்டாங்களா?”

“வாயக் கழுவும்மா!” அத்தை சீறினாள். “நான் புள்ளையே பெறல.”

சஃபியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

“அப்ப இவங்க யாரு?”

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு. புருசன் கடலுக்குப் போயிருக்கான். வந்துடுவான்.”