எட்டாம் கட்டிலுக்கு ஒரு துணை

"'யாராவது வருவாங்க'ன்னு போட்டா இது ஒத்துக்காது சிஸ்டர். யாருன்னு காட்டணும்."

இப்படிச் சொன்னவன் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவன். எதற்கெடுத்தாலும் நிரூபணம் கேட்பதால் எல்லோரும் வைத்த பெயர் 'ஆதாரம்'.

குழந்தைகள் வார்டு சிஸ்டர், பழுதான கீபோர்டைக் கொடுக்க வந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்படி என்னதான் கேக்குது இது?"

"நாளைக்கு ஆபரேஷன் ஆகிற ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல ஒரு துணை உண்டு. இதுதான் நான் முதல்ல எழுதின வாக்கு. வகைக் கோட்பாடுன்னு ஒரு கணக்கு. அதுல 'உண்டு'ன்னு சொன்னா ஆளைக் கொண்டுவந்து நிறுத்தணும். அப்பத்தான் திரையில பச்சை விழும். எட்டாம் கட்டில் மட்டும் இன்னும் சிவப்பு."

"ஆள் இல்லாமலா போயிடும்?"

"இல்லாமப் போகாதுங்கறது வேற, இருக்கறது வேற."

"கடவுள் இருக்கார் தம்பி."

"அவர் பேரையே போட்டுடலாம். வந்து கையெழுத்துப் போடுவாரா?"

"அவருக்கு ஆள் அனுப்பித்தான் பழக்கம்" என்று சிரித்தாள் சிஸ்டர். "அந்த மனுஷனுக்குச் சொந்தபந்தம் இல்லையா?"

"ஒண்டிக்கட்டை. வாய்விட்டுக் கேக்கவும் கூச்சம். துணை இல்லாம ஏற்கெனவே ஒரு தடவை ஆபரேஷன் தள்ளிப்போச்சு."

"ஊருக்கெல்லாம் நியாயம் பேசறீங்களே, உங்க பேரைப் போடறது?"

"போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கலை."

"நல்லா நழுவறீங்க."

நாளை அவளுக்கு விடுமுறை. அக்கா வீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கலாம் என்றிருந்தாள். துணையில்லாமல் ஒருத்தர் கிடக்கிறார் என்று தெரிந்தபின் அந்தத் தூக்கம் வருமா?

"என் பேரைப் போடுங்க."

கையெழுத்தும் போட்டாள். கம்ப்யூட்டரில் சிவப்பு மறைந்து பச்சை வந்தது. ஆதாரம் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, துவைத்த துண்டும் வெந்நீர் ஃபிளாஸ்குமாகப் போய் எட்டாம் கட்டிலின் திரைச்சீலையை விலக்கினாள்.

நோயாளிக்குத் தரும் தொளதொள சட்டையில், காதுவரை சிரித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான் ஆதாரம்.

"தனக்குத் தானே துணையா இருக்க முடியாதுன்னு அந்தப் புரோகிராம்ல எழுதி வச்சவனும் நான்தான் சிஸ்டர்."