திரையில் புகைமூட்டம்

"இன்னிக்கு இதைத் தூக்கி ரப்பிஷ் சூட்டுல, குப்பையோட குப்பையாப் போட்டுட்டுத்தான் மறுவேலை," என்றாள் நிரஞ்சனா, மேசைமேல் இருந்த லேப்டாப்பை முறைத்தபடி.

"போடறதை அப்புறம் போடலாம் லா. மொதல்ல என்ன தெரியுதுன்னு சொல்லு," என்றான் அர்ஃபான், கைப்பேசி ஸ்பீக்கரில். பழைய ஆபீஸ் நண்பன். கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு.

"என் மூஞ்சியைத் தவிர எல்லாம் தெரியுது. கேமராவைத் தொறந்தா ஒரே மஞ்சளா, புகைமூட்டம் மாதிரி இருக்கு."

மூன்று மணிக்கு இன்டர்வியூ. ரித்திக் பிறந்தபோது வேலையை விட்டவளை, இப்போது எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்த பிறகு, கூப்பிட்டது இந்த ஒரே கம்பெனிதான். வீடியோவில் பேசிக்கொண்டே லேப்டாப்பில் டெஸ்டும் எழுத வேண்டும் என்பதால் கைப்பேசி உதவாது. முகம் தெரியாவிட்டால் இன்டர்வியூ ரத்து என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். கணவன் வருணோ தன் லேப்டாப்போடு காலையிலேயே கிளம்பிப் போய்விட்டான்.

"முந்தாநாள் வருண்கூட உக்காந்து டெஸ்ட் பண்ணேன், பளிச்சுனு இருந்துச்சு. நேத்து முழுக்க இதைத் தொடவே இல்ல. இன்னிக்குக் காலையில தொறந்தா அப்டேட்னு சுத்த ஆரம்பிச்சுச்சு. சுத்திச் சுத்தி, கேமராவைக் கொன்னுட்டுத்தான் நின்னுச்சு."

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்த சிஸ்டத்தை விட்டுட்டு லினக்ஸுக்கு மாறுன்னு."

சொன்னான்தான். ஒரு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தப் பாழாய்ப்போன சிஸ்டம் அவளைப் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமல்ல. அவசரத்துக்குத் திறந்தால் அப்டேட். கேட்காமலே விளம்பரம். போதாக்குறைக்கு, 'உங்கள் கணினி பழையது, புதிய பதிப்பு இதில் ஓடாது' என்று தினமும் ஓர் அறிவிப்பு. அப்படியும் பழகியதை விட அவளுக்கு மனசு வரவில்லை. லினக்ஸைப் போட்டு அர்ஃபான் கொடுத்த தம்ப் டிரைவ் இழுப்பறையிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆச்சாம்மா?"

மாமியார் சரஸ்வதி சமையலறை வாசலில் நின்றார். கையில் நேற்று மீந்த சுண்டல்.

"இல்ல அத்தை."

அவர் லேப்டாப்பையே பார்த்தபடி நின்றார். நிரஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. இன்டர்வியூ வந்திருக்கிறது என்று சொன்ன அன்றும் இப்படித்தான். "அப்ப ரித்திக்கை யாரு பாத்துப்பா?" என்று ஒரே கேள்வி, அதோடு சரி. மருமகள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்வார்கள்?

"நிரஞ்சனா, லைன்ல இருக்கியா? அந்தத் தம்ப் டிரைவைச் சொருகு. ஒண்ணையும் அழிக்காது, அதுலேருந்தே லினக்ஸ் ஓடும். சிஸ்டம்தான் பிரச்சினைன்னா இதுல கேமரா நல்லா வந்துடும்."

சொருகினாள். அவன் சொல்லச் சொல்ல ஏதேதோ அழுத்தினாள். கீழே தேக்கா மார்க்கெட்டில் மதியக் கூட்டம் கலைந்துகொண்டிருக்கும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. புதுத் திரை ஒன்று மலர்ந்தது.

"பரவாயில்லையே, அதுக்குள்ள வந்துடுச்சு. ஒரு விளம்பரத்தையும் காணோம்."

"நான் என்ன சொன்னேன்? இப்ப கேமராவைத் தொற."

திறந்தாள். அதே மஞ்சள் மூட்டம்.

"இதுலயும் அதேதான் அர்ஃபான்," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"அப்ப சிஸ்டம் மேல தப்பில்ல. கேமராவே போயிருக்கணும். சாரி லா."

நிரஞ்சனா நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கொடுத்து வைக்கல. அவ்வளவுதான் அத்தை, உங்க இஷ்டப்படியே வீட்டுலயே கிடக்கேன்."

சரஸ்வதி சுண்டல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேமராங்கறது, மேல நடுவுல குட்டியா இருக்குமே, அதானேம்மா?"

"அதேதான். அதுதான் செத்துப்போச்சு."

சரஸ்வதி புடவைத் தலைப்பின் நுனியைத் தண்ணீர் டம்ளரில் நனைத்தார். லேப்டாப்பின் மேல்விளிம்பில் வைத்து அழுத்தித் துடைத்தார். மூட்டம் விலகியது. அழுத கண்ணோடு நிரஞ்சனாவும், அவள் தோளுக்குப் பின்னால் தலைப்பைக் கையில் பிடித்தபடி அத்தையும் திரையில் தெளிவாகத் தெரிந்தார்கள்.

தலைப்பு நுனியில் சந்தனமும் குங்குமமும் ஈரமாக ஒட்டியிருந்தன.

ஃபிரிட்ஜில், ரைஸ் குக்கரில், வாஷிங் மெஷினில் என்று நேற்றைய ஆயுத பூஜைப் பொட்டு வீடு முழுக்க இருந்தது. அதனாலேயே லேப்டாப்பில் இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"என்ன ஆச்சு? வந்துடுச்சா?" என்றான் அர்ஃபான். "அப்படியே லினக்ஸ்லயே பேசு. பழசுக்குத் திரும்பிப் போனா மறுபடி அப்டேட் கேக்கும்."

நிரஞ்சனா அத்தையையே பார்த்தாள். வேண்டுமென்றேதான் வைத்தாரோ?

"கோவிச்சுக்காதம்மா," என்றார் சரஸ்வதி, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டபடி. "ரித்திக்கை இனிமே நான் பாத்துக்கறேன், நீ தைரியமாப் பேசு. அவங்க உன்னைப் பாக்கப்போறது அது வழியாத்தான்னு வருண் காட்டினான். இந்த வேலை உனக்குக் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு, பூஜையில மொதப் பொட்டை அதுக்குத்தான் வச்சேன்."