எதை முதலில் எழுப்புவது

"நல்லா ஓடற லேப்டாப்ல எதுக்கு ரெண்டாவது இயங்குதளம் போட்டீங்க?" என்றார் மெக்கானிக்.

அவள் மேகங்களை ஆராய்கிறவள். ஆய்வு முடிகிற வாரத்தில்தான் ஆய்வாளர்களுக்கு உலகத்தின் மற்ற வேலைகளெல்லாம் அவசரமாகும்.

"புதுசு வேகமா இருக்கும்னாங்க அண்ணா. பழசுக்குப் பக்கத்துலயே குடிவெச்சேன். காலையிலேர்ந்து ரெண்டும் வரலை, கறுப்புத் திரைதான். அஞ்சு மணிக்குப் பேராசிரியர்கள் முன்னாடி நான் பேசணும். படமெல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"வேற எதுலயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லைண்ணா."

"சரி, சார்ஜர் குடுங்க."

வீட்டுச் சாவியை நீட்டினாள்.

மெக்கானிக் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தூங்கி எத்தனை நாளாச்சு?"

"நாலு. பேசறதை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். இப்ப முதல் வரியே ஞாபகம் வரலை."

"உள்ள ரெண்டும் பத்திரமாத்தான் இருக்கும். எதை முதல்ல எழுப்பறதுன்னு தெரியாம முழிக்குது. அப்படி உக்காருங்க."

உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றியது. பழுதுக்கு வந்த கணினிகள் தமக்குள் முணுமுணுத்தன. எதிர்ச்சுவர் மெல்ல வெளுத்து, உப்பி, மேகமாகி நகர்ந்தது. அவள் நாற்காலியோடு அதன்மேல் ஏறிக்கொண்டாள்.

கீழே எங்கேயோ, பிரிண்டரோடு வந்த ஒருவர் சண்டை போட்டார். "ஒரு மணி நேரமா அதையே உத்துப் பார்த்துட்டிருக்கே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடேன்ப்பா."

"கொஞ்சம் சிக்கல் சார்." மெக்கானிக்கின் குரல் அதைவிடத் தூரத்திலிருந்து வந்தது.

நாலேகாலுக்கு அவர் மேசையைத் தட்டினார். "மேடம், சரியாயிடுச்சு."

பதறி எழுந்தாள். "இதுக்கா இவ்வளவு நேரம்?"

"எனக்குக் கை கொஞ்சம் மெதுவு."

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் போனை எடுத்து அந்தக் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். 'தொழில் தெரியாதவர், அவசரத்துக்குப் போகாதீர்கள்' என்று எழுதினாள். காற்புள்ளி உட்பட ஒரு பிழை இல்லை.

பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். முதல் வரி வந்தது. மற்றவை அதன் பின்னால் வரிசை கலையாமல் வந்தன.

படங்களைச் சரிபார்க்க மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். புது இயங்குதளம் திரையின் மூலையில் தன் ஜாதகத்தையே எழுதி வைத்திருந்தது. சூடு, பேட்டரி, கடைசியாக இயங்கத் தொடங்கிய நேரம்: பகல் 12.20.

அவள் அந்தக் கடைக்குள் நுழைந்ததே பன்னிரண்டு மணிக்குத்தான்.