முதல் பெஞ்சுக்காரன்

“கேமராவ மறைக்காம தள்ளி நில்லும்மா” என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அதட்டினார் அறிவியல் டீச்சர்.

புதிதாகச் சேர்ந்த சின்ன டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு வகுப்பறையையே மறைத்து நின்றாள். மூன்று முறை அதட்டிய பிறகு, சாவகாசமாக நகர்ந்து கேமராவுக்குப் பின்னால் போனாள்.

சரியான மந்தம். மாவுக்கட்டு போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடியே டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

குளியலறையில் வழுக்கி விழுந்த மறுநாளே தலைமையாசிரியர் போன் செய்துவிட்டார். நீங்கள் ஓய்வெடுங்கள், பத்தாம் வகுப்பை அந்தப் பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

பார்த்துக்கொள்வாளாம்! பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளை, சாக்பீஸ் பிடிக்கத் தெரியாத ஒருத்தி! வீட்டிலிருந்தே வீடியோவில் பாடம் நடத்துவேன் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். அப்போது உண்மையிலேயே அவருக்கு ஒரு கால்தான் நிற்கும் நிலையில் இருந்தது.

சின்னவளுக்கு ஒரே வேலை. வகுப்பில் யாரும் சத்தம் போடாமல் காவல் நிற்க வேண்டும். அங்கிருக்கும் மைக்கையும் அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். பிள்ளைகளின் முகம் தெரிந்தால் போதும், அதுகளின் இரைச்சலை வேறு யார் கேட்பது?

தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வாரக் கடைசியில் அவரே பிள்ளைகளிடம் விசாரிப்பார். பாடம் புரியவில்லை என்றால் வகுப்பு கைமாறும். கைமாறினால் அவ்வளவுதான். அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து செடி, கொடி, மரம் என்று ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. வகுப்பு இவ்வளவு அடக்கமாக இருந்து அவர் பார்த்ததே கிடையாது.

பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சம் பக்கவாட்டில்தான் பார்த்தார்கள். நேராகப் பார்க்கப் பயம். இருக்கட்டும், அந்தப் பயம் நல்லதுதான்.

அவர் தண்ணீர் குடித்தபோது மும்முரமாக எழுதினார்கள். நெட் இழுக்கிறது, சொன்னது இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

திடீரென்று மொத்தமாகச் சிரித்தார்கள். ஆரம்பத்தில் சொன்ன ஜோக் இப்போதுதான் புரிந்திருக்கிறது. மரமண்டைகள்.

இன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கடைசி பெஞ்ச் தடியன். கொட்டாவி விடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஜென்மம். அவனே கண்ணை அகற்றாமல் டீச்சரைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினான். நேற்று அதே இடத்தில் அந்த வாயாடிப் பெண் உட்கார்ந்து தலையாட்டினாள். ஒவ்வொன்றாக வழிக்கு வருகிறதுகள் என்று டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அறைக்கதவைப் பாதி திறந்து, மாத்திரை போடும் நேரம் என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர்.

“அங்க நாப்பது புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு கேக்குதுங்க. உங்களுக்கு மட்டுந்தான் நான் சொல்றது காதுல ஏறாது.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அது ஒன்றுதான் அவருக்குச் சரியாக வரும்.

மறுபடி சின்னவள் திரைக்குள் வந்தாள். கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீபோர்டு மேலேயே பொத்தென்று வைத்துவிட்டுத் திரும்பினாள். கீபோர்டு மேல் வைப்பாளா ஒருத்தி? டீச்சர் திட்டுவதற்கு வாயெடுத்தார்.

ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். அந்தப் பக்கத்து மைக் திறந்துகொண்டது.

முதலில் கேட்டது சின்னவளின் குரல். அமிலம், காரம் என்று தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் இன்னும் தொட்டே பார்க்காத பாடம். ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டது. அவள் ஏதோ வேடிக்கையாகப் பதில் சொன்னாள். வகுப்பே சிரித்தது.

பிறகு அவள் குரல் தணிந்தது.

“இன்னிக்கு டீச்சருக்குத் தலையாட்டுற முறை யாருது? நல்லா ஆட்டுப்பா. ஸ்பீக்கர அணைச்சு வச்சிருக்கோம்னு தெரிஞ்சா அவங்க மனசு ஒடிஞ்சுபோயிடும், பாவம்.”

தடியன் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஏமாற்றியதைக்கூட டீச்சர் பொறுத்திருப்பார். பாவம் என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதுவும் அவள் வாயால்.

திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

“டேய், நான் பேசுறது கேக்குதாடா?”

அவன் பணிவாகத் தலையாட்டினான்.